என் அலமாரியில் அதிகாரியம்மாவின் கோட்டு

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பாப்பாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்தப் பொய்யை விட்டுவிடுகிறேன். போனில் பேசினால் அரசாங்கம் ஒட்டுக்கேட்குமோ என்று பயந்து, இதை உங்கள் ஊர் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் பாப்பா தெருமுனை ரொட்டிக் கடைக்காரரின் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், கடைத்தெருத் திருப்பத்தில் நின்றிருந்த போலீஸ் ஜீப்பின் மேலேயே மோதிவிட்டாள். மோதுவதற்கு ஊரில் வேறு எதுவும் கிடைக்கவில்லை பார். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு, ஜீப்புக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் பாதி உயிர் போனது. எதற்கு எடுத்தாய் என்று போலீஸ் கேட்டது, ரொட்டிக் கடைக்காரர் கேட்டார், நான் கேட்டேன், அவள் காரணத்தைச் சொல்லவில்லை. விஷயம் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போய், ஒரு அதிகாரியம்மா வீட்டைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. தாயில்லாத பிள்ளை, தகப்பன் மதியம் சலவைக் கடைக்குப் போனால் ராத்திரிதான் வருவான் என்று தெரிந்தால் விடுவார்களா? காப்பகம்தான். நாம் சின்னவர்களாக இருந்தபோது அடுத்த வீட்டுப் பையனை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அவன் அம்மா செருப்பில்லாமல் வேன் பின்னாலேயே ஓடினாளே, ஞாபகம் இருக்கிறதா? இந்த வாரம் முழுக்க எனக்கு வேறு ஞாபகமே இல்லை அக்கா.

கடையில் நீராவி இஸ்திரி போடுகிறவர், ஆவிக்காரர் என்போம், அவர்தான் யோசனை சொன்னார். "வீடு காலியா இருந்தா புள்ளையத் தூக்கிடுவாங்கப்பா. நெறைஞ்ச வீடா காட்டு." நானும் காட்டினேன். வெளுத்து முடித்து, ஆள் வந்து வாங்காமல் தொங்கும் துணிகளை அள்ளிவந்து அலமாரியை நிரப்பினேன். மாடி வீட்டு டீச்சர் தன் சோபாவைக் கொடுத்தார். அது வாசலில் பாதி உள்ளே, பாதி வெளியே என்று சிக்கிக்கொண்டது. அதிகாரியம்மா அதன் மேல் ஏறி இறங்கித்தான் வீட்டுக்குள் வந்தார்.

"சாயந்தரம் பாப்பாவ யாரு பாத்துக்கறாங்க?" என்றார்.

"நான்தாம்மா. அவ ஸ்கூல்லேர்ந்து வர்றப்ப நான் வாசல்லயே நிப்பேன்."

"வேலை நேரத்த மாத்தித் தரச் சொல்லி உங்க முதலாளிகிட்ட நாங்களே பேசலாம். இப்ப முறை மாறியிருக்கு. புள்ளைய எடுக்கறதுக்கு முன்னாடி, வீட்டுக்கு என்ன வேணும்னுதான் கேக்கணும்."

"ஒண்ணும் வேணாம்மா."

"ஸ்கூல் விட்டதும் புள்ளைங்க இருக்கறதுக்குப் பக்கத்துலயே ஒரு இடம் தொறந்திருக்கோம்."

"அதெல்லாம் இல்லாதப்பட்டவங்களுக்குக் குடுங்கம்மா" என்றேன், பெரிய வள்ளல் மாதிரி. எனக்குத் தெரியாதா அக்கா? முதலில் என்ன குறை என்பார்கள். ஒரு குறையைச் சொன்னால் அதையே காரணம் காட்டிப் பிள்ளையைக் கொண்டு போவார்கள்.

ஆனால் அவர், "ஒரு குறையும் இல்லாத வீட்லேர்ந்து புள்ள எதுக்கு சைக்கிள எடுத்துட்டு ஓடுது? அப்ப குறை புள்ளகிட்டதானான்னு எங்க குழந்தைகள் நலக் குழுவுல கேப்பாங்களே" என்றார். பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள்.

பேச்சை மாற்ற வேண்டுமே என்று அலமாரியைத் திறந்து காட்டினேன். அதிகாரியம்மா உள்ளே கையை விட்டு ஒரு நீலக் கோட்டை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"என் சம்சாரத்தோடதும்மா. அவ ஞாபகமா வச்சிருக்கேன்."

"உள்பக்கம் பச்சை நூல்ல தச்சது நான்தான். சலவைக்குப் போட்டு வாரக்கணக்கா ஆச்சு. வெளுத்தாச்சா?"

"வெளுத்தாச்சும்மா. இஸ்திரிதான் பாக்கி" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, "வியாழக்கிழமை குழு முன்னாடி வாங்க" என்று சோபா ஏறிப் போய்விட்டார்.

பொய் சொன்ன தகப்பனிடம் இனி யார் பிள்ளையை விட்டு வைப்பார்கள்? நாளைக் காலை பஸ்ஸில் பாப்பாவை உன்னிடம் அனுப்புகிறேன். பஸ் நிலையத்தில் நின்று அழைத்துக்கொள். யார் கேட்டாலும் அத்தானின் தங்கை மகள் என்று சொல்லிவிடு. அத்தானுக்குத் தங்கையே கிடையாது என்பது எனக்கும் தெரியும், சமாளித்துக்கொள். அவளுக்கு இருட்டென்றால் பயம், பக்கத்தில் படுக்க வைத்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், எந்த அலுவலகத்தின் கண்ணிலும் படாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட உன் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. பாப்பா பஸ்ஸில் வரமாட்டாள். கடிதத்தை ஒட்டப் பசை வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தேன். அதற்குள் இதைப் படித்துவிட்டு நேராக அந்த அலுவலகத்துக்கே நடந்து போய்விட்டாள். அதிகாரியம்மா போன் செய்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். "சாயந்தரமானா தனியா இருக்க பயமாம். உங்க கடைக்கு வரத்தான் சைக்கிள எடுத்தாளாம். சொன்னா அப்பாவத் திட்டுவாங்கன்னு சொல்லலையாம். எங்கப்பாவுக்குக் காலை வேலை வாங்கிக் குடுங்கன்னு கேட்டுட்டு எதிர்ல உக்காந்திருக்கா. வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார். கூட்டிக்கொண்டு போகத்தானே சொன்னீர்கள் என்று திரும்பவும் கேட்டுக்கொண்டேன். ஆமாம் என்றார். வியாழக்கிழமை குழு என்ன சொல்லுமோ தெரியவில்லை. அக்கா, எனக்கு இது வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. இப்போது உன்னிடம் கேட்கிறேன். வியாழக்கிழமை வந்து என் பக்கத்தில் நில்.