தொழில்: சிங்கர்

எனக்கு முழுதாகப் பாடத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான். அதையும் கடல் தாண்டிப் போய்த்தான் முதன்முதலில் பாடினேன். என் கல்யாணத்தில் நலங்குக்கு ஒரு பாட்டுப் பாடச் சொன்னபோது, வயிற்று வலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டவள் நான். (அப்புறம் நிஜமாகவே வலித்தது.) மகளைத் தூங்க வைக்கக்கூட வெறுமனே முனகுவதோடு சரி. 'நீ பாடுனதாம்மா அது? நான் மிஷின் சத்தம்னுல்ல நெனச்சேன்' என்பாள் அவள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பத்தாவது முடித்த கையோடு திருப்பூர் வந்தேன். குடியிருப்பு நல்லூரில். பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக சிங்கர் டைலர். வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒற்றை ஊசித் தையல் மிஷினுக்கு, அதை யார் செய்திருந்தாலும், சிங்கர் என்றுதான் பேர். அதில் உட்காருகிறவர் சிங்கர் டைலர். சுருக்கமாக, சிங்கர். 'சிங்கர் நாலு பேர் தேவை' என்று கம்பெனி கேட்டில் எழுதிப் போட்டால் ஆர்மோனியப் பெட்டியோடு யாரும் வந்து நிற்க மாட்டார்கள்.

எங்கள் கம்பெனியில் ஒரு திட்டம் உண்டு. கைத்தொழிலோ கணக்கோ கம்ப்யூட்டரோ தெரிந்த ஒருவரைச் சம்பளத்தோடு இரண்டு வாரம் வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே தேவைப்படுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைப்பார்கள். முதல் தடவைகளில் ஆபீஸ் ஆட்கள் போய் வந்தார்கள். அந்த வருஷம் தையல் லைனிலிருந்து ஒருவர் போக வேண்டும் என்று வந்தது. கென்யாவில் ஓர் ஏரிக்கரை ஊர். சூப்பர்வைசர் பொன்னுசாமி அண்ணன் நேராக என் மிஷினுக்கு வந்தார்.

"ஏனுங்க செல்வி, நீங்க போயிட்டு வாங்க."

"நானா? எனக்குப் பேச வராதுண்ணே."

"அதுக்குத்தானுங்க உங்களச் சொல்றேன். இந்த லைன்ல பேசாம வேலை பாக்கறது நீங்க ஒருத்தருதான்."

பொன்னுசாமி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொங்குக்காரர். திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுவார். காலை எட்டரையிலிருந்து எங்கள் தலைக்கு மேல் அவர் குரல் மின்விசிறி மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். "பீஸு வரட்டுங்க, பேச்சு அப்பறம் பேசலாமுங்க. ரிப்ப இழுங்க, பாடிய இழுக்காதீங்க." (பீஸு என்றால் தைத்த துணி. ரிப் என்றால் கழுத்துப் பட்டி. பாடி என்றால் பனியனின் உடம்புத் துணி. பட்டியை இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். உடம்பை இழுத்தால் கழுத்து அலை அலையாக நெளிந்துவிடும்.) கடைசியாக, "ஆல்ட்டரு வந்தா ஊட்டுக்குப் போக முடியாதுங்க." சரியில்லை என்று திரும்பி வருகிற பீஸுக்குப் பேர் ஆல்ட்டர்.

ஆபீஸில் புதிதாக வந்திருந்த சென்னைப் பெண்தான் என் விண்ணப்பத்தை நிரப்பியது.

"தொழில் என்னக்கா?"

"சிங்கர்ம்மா."

"எத்தனை வருஷம்?"

"இருபத்திரண்டு."

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தது. நானும் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

விமானத்தில் ஜன்னலோரம். கீழே மேகம், வெட்டுவதற்கு முன் விரித்துப் போட்ட வெள்ளைத் துணி போலக் கிடந்தது. எங்காவது தையல் தெரிகிறதா என்று வெகுநேரம் பார்த்தேன். ஒரு இடத்திலும் இல்லை. இதை யார் தைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே தூங்கி, விழித்து, மறுபடி தூங்கினேன். இறங்கியபோதும் முழுதாக விழித்தேனா என்று சந்தேகம்தான்.

விமான நிலைய வாசலில் ஒரு பெரிய அம்மாள் என் பேரெழுதிய அட்டையோடு நின்றார். ரூத் என்று பேர். அந்த ஊர்ச் சமூக மையத்தின் தலைவி. "மாமா செல்வி" என்று கட்டிப்பிடித்தார். (அங்கே அம்மாவைத்தான் மாமா என்கிறார்கள். அவரை நான் மாமா ரூத் என்று கூப்பிட வேண்டுமாம். வாய் வரவே இல்லை.) அவர் போட்டிருந்த நீல பனியனைப் பார்த்தேன். (டி-ஷர்ட்டும் எங்களுக்குப் பனியன்தான்.) கழுத்து நெளிந்திருந்தது. அதற்கப்புறம் அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

வண்டியில் நிறையப் பேசினார். பக்கத்தில் ஏரி கூடவே வந்தது. கரை தெரியாத ஏரி. அவருடைய இங்கிலீஷ் அதன் மேல் மிதந்து போனது. அதில் கம்பெனி வார்த்தைகள் மட்டும் கல் மாதிரி என்னிடம் வந்து விழுந்தன. சாம்பிள். ஃப்ரைடே. நெக். ரிஜெக்ட். அவ்வளவில் விஷயம் புரிந்துவிட்டது. மையத்தில் பன்னிரண்டு பெண்கள் தைக்கிறார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டு பனியன் ஆர்டருக்கு வெள்ளிக்கிழமை சாம்பிள் காட்ட வேண்டும். கழுத்து சரியாக வரவில்லை. ஆர்டர் கைவிட்டுப் போனால் தையல் அறையையே மூடிவிடுவார்கள்.

அதற்குத்தானே வந்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரு தெம்பு. ரூத் திரும்பிக் கேட்டார்.

"யூ ஆர் எ சிங்கர்?"

"எஸ். சிங்கர்."

"சோலோ? குரூப்?"

"லைன். தர்ட்டி மெம்பர்ஸ்."

அவர் புருவம் உயர்ந்தது. "ஹை வாய்ஸ்?"

எனக்குக் கேட்டது 'ஹை' மட்டும். "எஸ், எஸ். ஹை ஸ்பீடு."

மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, ஏரிக்கரையில் ஒரு பெரிய மரத்தடியில் வரவேற்பு. அறுபது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் கோட்டுப் போட்டு வந்திருந்தார். தைக்கிற பெண்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். ரூத் ஏதோ பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு, முதல் வரிசையில் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்தார். பாடு என்று.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்கள் கேட்டது டைலர். காகிதத்தில் வந்தது பாடகி. கிடைத்த பாடகியை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டாவது சொல்லித் தரலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

ஓட முடியாது. பின்னால் ஏரி. கரண்ட் போனதும் கம்பெனியில் எல்லா மிஷினும் ஒரே நேரத்தில் நிற்குமே, அந்த மாதிரி ஓர் அமைதி. இலைகளுக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து பிள்ளைகளின் முகத்தில் நகர்ந்தது. தண்ணீர் மினுங்கியது. நான் எங்கோ தள்ளி நின்று இன்னொரு செல்வியைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டாவது ஞாபகம் வருகிறதா என்று தேடினேன். எதுவும் இல்லை. எதிரில் ரூத்தின் பனியனில் நெளிந்த கழுத்து மட்டும் தெரிந்தது. வாயைத் திறந்தேன். பொன்னுசாமி அண்ணன் வெளியே வந்தார்.

"பீஸு வரட்டுங்க... பீஸு வரட்டுங்க... பேச்சு அப்பறம் பேசலாமுங்க..."

ராகம், மகளைத் தூங்க வைத்த அதே முனகல்தான். "ரிப்ப இழுங்க... பாடிய இழுக்காதீங்க..." என்று வந்தபோது கை தானாக என் கழுத்துக்குப் போய் இழுத்துக் காட்டியது. இரண்டாம் சுற்றில் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வரிசை மேலே, ஒரு வரிசை கீழே, ஒரு வரிசை நடுவே என்று மூன்றாகப் பிரிந்து பாடினார்கள். பொன்னுசாமி அண்ணனின் திட்டு ஏரி மேல் புகை மாதிரிப் பரவிப் போனது. இதுதான் ஆட்டம் என்று நினைத்து, பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையின் காலரைப் பிடித்து இழுத்தார்கள். தலைமை ஆசிரியரும் தன் காலரைக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டார்.

"ஆல்ட்டரு வந்தா ஊட்டுக்குப் போக முடியாதுங்க" என்ற அடியை மட்டும் துக்கமாக இழுத்து முடித்தேன். தைக்கிற பெண்களில் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

ரூத் ஓடி வந்தார். "ப்ரேயர்?"

"எஸ்" என்றேன். (இதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.)

"யார் எழுதியது?"

"சூப்பர்வைசர்."

அவர் வானத்தை நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

புதன்கிழமை காலை என்னைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப் போனார். போகிற வழியில் தையல் அறை. கதவு திறந்திருந்தது. பன்னிரண்டு பெண்களும் தைத்த கழுத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரித்த நூல் தரையெல்லாம். இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. 'நான் பாடகி இல்லை' என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷும் இல்லை, அதைவிட தைரியம் இல்லை. ஒன்றும் சொல்லாமல் பதினான்கு நாளும் பாடிவிட்டே ஊர் போய்விடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்போது ஒரு பெண் துணியை எடுத்து, பாடியை நன்றாக இழுத்துப் பிடித்து, ஊசிக்கு அடியில் வைத்தது.

நான் எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூலையில் ஒரு பழைய கால்மிதி மிஷின் இருந்தது. அதன் கறுப்பு உடம்பில் மங்கிப்போன பொன்னெழுத்துகள். அதன் மேல் விரலை வைத்தேன். பிறகு என் நெஞ்சில் வைத்தேன்.

"சிங்கர்" என்றேன்.

ரூத் எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி எழுத்தைப் பார்த்தார். அப்படியே தரையில், பிரித்த நூல் மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தன் நீல பனியனின் கழுத்தை இழுத்துக் காட்டி, "திஸ்?" என்றார்.

"ஆல்ட்டர்" என்றேன். வெளிநாட்டில் நான் தைரியமாகச் சொன்ன முதல் வார்த்தை.

பட்டியை நான்காக மடித்துக் குறி வைப்பது, குறியோடு குறி சேர்ப்பது, எவ்வளவு இழுப்பது எல்லாம் கையால் காட்டினேன். பேச்சு தேவைப்படவில்லை, பாட்டுத்தான் முன்பே தெரியுமே. 'ரிப்ப இழுங்க' என்றால் பட்டியை இழுத்தார்கள். 'பாடிய இழுக்காதீங்க' என்றால் விரல் தளர்ந்தது. வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியர் சாம்பிளின் கழுத்தை இழுத்து விட்டார். அது நெளியாமல் போய்ப் படிந்தது. இன்னொரு தடவை இழுத்து விட்டார். பிறகு, "பீஸு வரட்டுங்க" என்று மெதுவாக முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நான் ஊர் வந்து சேர்வதற்குள் மரத்தடி வீடியோ கம்பெனி குரூப்புக்கு வந்து சேர்ந்திருந்தது. பொன்னுசாமி அண்ணன் என் மிஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க செல்வி, நான் திட்டறது பாட்டாட்டமாங்க இருக்குது?"

தலையைக் குனிந்துகொண்டேன். இப்போதெல்லாம் அவர் 'பீஸு' என்று ஆரம்பித்தால் முப்பது பேரும் எடுத்துப் பாடிவிடுகிறார்கள். பாவம், கையாலேயே சைகை காட்டிக்கொண்டு போகிறார். வீட்டில் தோசை தாமதமானால் என் வீட்டுக்காரர் தட்டில் தாளம் போட்டு 'பீஸு வரட்டுங்க' என்கிறார். எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும் மகள், "அம்மா, தொழில் என்ன போடட்டும்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்கிறாள்.

போன மாதம் அவளுக்குத் தென்காசியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டாரிடம் அவள் என்ன சொல்லி வைத்திருந்தாளோ, தாம்பூலம் மாற்றியதும் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, "மதினி பெரிய சிங்கராமே, ஒரு பாட்டுப் பாடுங்க" என்று மைக்கை நீட்டினார். எனக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள அறை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். அப்போதுதான் மாப்பிள்ளை கண்ணில் பட்டார். சட்டையின் மேல் பொத்தான் திறந்து, உள்ளே பனியன் தெரிந்தது.

கழுத்து நெளிந்திருந்தது.

மைக்கை வாங்கிக்கொண்டேன்.