அரசரின் வாய் அறிவித்த ஐந்து அறிகுறிகள்

ஆணின் சிறுநீர்ப்பைக்குக் கீழே புரோஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருப்பதை எந்த நாட்டு விஞ்ஞானி வேண்டுமானாலும் கண்டுபிடித்திருக்கட்டும். அப்படி ஒன்று இருப்பதை வாயால் சொல்லாமலே பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்று, கௌரவமாகச் செத்தும் போகலாம் என்பதைக் கண்டுபிடித்த பெருமை அகோமாசோ ஊர் ஆண்களையே சேரும். மருத்துவ உலகம் இதுவரை அவர்களுக்கு ஒரு தகரப் பதக்கம்கூடக் குத்தவில்லை.

எங்கள் ஊரில் ஆண்களுக்கு மொத்தம் இரண்டே நோய்கள். உடம்பு சுட்டால் மலேரியா. மற்றதெல்லாம் கூக்கோ, அதாவது மூலம். தலை சுற்றினால் கூக்கோ, கண் மங்கினால் கூக்கோ, மாமியார் வந்த அன்று நெஞ்சு அடைத்தாலும் கூக்கோ. சந்தை நாளில் வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும் கசப்பு மருந்துக்காரன் இரண்டையும் ஒரே பாட்டிலில் தீர்த்துவைப்பான். இவ்வளவு சிக்கனமாக நோயை நிர்வகிக்கும் ஊருக்கு மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்து இறக்குவது என்று மாவட்ட சுகாதார அலுவலகம் தீர்மானித்தது. அலுவலகங்களுக்கு அடுத்தவர் நிம்மதி பொறுக்காது.

அதற்கென அது குறித்த விழிப்புணர்வு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் முன்பே அந்த மூன்றாவது நோய் ஒச்சியாமே யென்டுமியின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒச்சியாமே என்பது பெயரல்ல, பதவி. அரசர் நானா போவாச்சே ஊரோடு நேராகப் பேசமாட்டார். ஊரும் அவரோடு நேராகப் பேசக்கூடாது. இரண்டு பக்கத்துச் சொல்லும் யென்டுமியின் வாய் வழியாகத்தான் போய்வர வேண்டும். போகிற வழியில் அதைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, நல்ல துணி கட்டி அனுப்புவது அவர் வேலை. அரசர் "போடா முட்டாள்" என்றால், "உன் அறிவு இன்னும் பயணத்தில் இருக்கிறது என்கிறார் நானா" என்று வெளியே வரும். திட்டு வாங்கியவன் கும்பிட்டுவிட்டுப் போவான்.

அரசர் முன்னால் அசிங்கமான சொல் ஒன்றைச் சொல்லியே தீரவேண்டும் என்றால் "செபே" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொல்லலாம். வழக்கம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் இருபது வருட சேவையில் ஒரு செபேகூட உச்சரித்ததில்லை என்பது யென்டுமியின் சாதனை. நாற்பத்தாறு வயதிலேயே அப்படி ஒரு வாய்.

விழா நாள் காலையில் அவருடைய மனைவி கொனாடு கருவாட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"அடுவா அப்பா, விடிஞ்சதுலேருந்து இது எத்தனாவது தடவ?"

"எது?"

"கொல்லைக்குப் போறது."

"மாமரத்துல பழம் இருக்கான்னு பாக்கப் போனேன்."

"மாம்பழக் காலம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. போயிட்டு வரும்போது மூஞ்சி ஏன் மிளகாயக் கடிச்ச மாதிரி இருக்கு?"

"கூக்கோடி."

"கூக்கோ பின்னால வர்ற நோவு. நீங்க கையை முன்னால வச்சிருக்கீங்க."

யென்டுமி தன் பதவிக்குரிய, பொன்தகடு பதித்த செங்கோலைத் துடைக்க ஆரம்பித்தார். அதன் உச்சியில் ஒரு கை முட்டையைப் பிடித்திருக்கும்: அழுத்தினால் உடையும், விட்டால் விழும். அதிகாரத்தைப் பற்றிச் செதுக்கியது. அன்று காலை அவருக்கு அது வேறு எதையோ பற்றிச் செதுக்கியது போல இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம்," என்றாள் கொனாடு. "நான் கூட வர்றேன்."

"இன்னைக்கு ஆஸ்பத்திரியே நம்ம கிட்ட வருது. நான்தான் பேசணும்."

வந்தது. "ஆண்கள் நலத் தொடக்க அறிகுறி கண்டறிதல் விழிப்புணர்வுப் பெருவிழாக் குழு" ஏழு முறை கூடி விவாதித்த பிறகு வந்தது. முதல் ஆறு கூட்டங்கள் பனியனின் நிறத்தைப் பற்றி. ஏழாவது, பனியனில் எழுத வேண்டிய வாசகத்தைப் பற்றி. 'புரோஸ்டேட்' என்று பனியனில் போட்டால் யாரும் அணியமாட்டார்கள் என்பதால் 'நாங்கள் ஆண்கள்' என்று மட்டும் போடுவதென ஏகமனதாக முடிவானது. நோயைப் பற்றிப் பேச நேரமில்லாததால் அந்தப் பொறுப்பை டெடே என்ற செவிலியிடம் விட்டுவிட்டார்கள். அவள் தலைநகரான அக்ராக்காரி, கடற்கரையில் வளர்ந்தவள். உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகிய வாய்.

அரண்மனை மைதானத்தில் எண்ணூறு ஆண்கள் பனியனோடு உட்கார்ந்திருந்தார்கள். பெரிய குடைக்குக் கீழே அரசர். அரசர் உட்கார்ந்திருக்கும்வரை ஒச்சியாமே இடத்தைவிட்டு நகரக்கூடாது. மைதானத்துக்கு ஒலிவாங்கி ஒன்றே ஒன்று, அது யென்டுமியின் கையில். டெடே அவர் காதோரம் நின்று மெல்லச் சொல்லவேண்டும். அவர் அதை ஊருக்குத் தகுந்தபடி ஆக்கிச் சொல்வார்.

"முதல் அறிகுறி," என்றாள் டெடே. "அடிக்கடி மூத்திரம் வரும். அடக்க முடியாது."

யென்டுமிக்கு அந்தக் கணமே அது முட்டிக்கொண்டிருந்தது. செங்கோலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஊராரே, நல்ல ஆண் ஓரிடத்தில் சோம்பிக் கிடக்கமாட்டான். தன் வீட்டின் எல்லையை அடிக்கடி எழுந்து போய்ப் பார்த்து வருவான்."

"ஆமாம்," என்றது கூட்டம்.

"ரெண்டாவது, போகும்போது எரியும்."

"அவன் வீட்டு அடுப்பு அணைவதில்லை. நெருப்பு இருக்கும் வீடு."

முரசுக்காரன் ஃபொஃபியே உற்சாகத்தில் முரசை இரண்டு தட்டு தட்டினான். ஒவ்வொரு தட்டும் யென்டுமியின் அடிவயிற்றில் விழுந்தது.

"மூணாவது, முழுசா வராது. விட்டு விட்டுச் சொட்டும்."

"அறிவாளி தன்னிடம் உள்ளதை ஒரே நாளில் கொட்டிவிடமாட்டான். அளந்து கொடுப்பான்."

டெடே அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயா, நான் அப்படிச் சொல்லலியே."

"அரசர் காதுக்கு அப்படித்தான் போகணும். மேல சொல்லும்மா."

"நாலு, அடியிடுப்பு வலிக்கும், செபே, ரெண்டு காலுக்கும் நடுவுல வலிக்கும். உக்காரவே முடியாது."

யென்டுமி காலையிலிருந்து உட்காரவில்லை. மரபுப்படி நிற்பதாக ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அவருக்கு இப்போது பயம் வந்தது, கலப்படமில்லாத பயம். தன் உடம்பை யாரோ பக்கத்தில் நின்று வரிவரியாக வாசிப்பது போல இருந்தது. ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டார்.

"சிஸ்டர், ஒரு ஆளுக்கு இந்த நாலும் இருந்தா?"

"யாருக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்."

"எத்தனை நாளா?"

"பன்னெண்டு. அவரே சொன்னார்."

"இன்னைக்கே வரச் சொல்லுங்க. காய்ச்சலும் நடுக்கமும் வந்துட்டா அதுதான் அஞ்சாவது. அதுக்கு மேல உயிருக்கு ஆபத்து."

யென்டுமி பொத்திய கையை எடுத்தார். எண்ணூறு முகங்கள் அவர் வாயையே பார்த்தன. ஒரே ஒரு செபே போதும். நாக்கு அதன் முதல் எழுத்துவரை போயும் விட்டது. அப்போது அரசர் கொட்டாவி விட்டபடி, "இதெல்லாம் அக்ராக்காரனுக்கு வர்ற சீக்கு. சாப்பாடு என்ன ஆச்சு?" என்றார்.

"செவிலியின் ஞானம் எம்மை வியப்பில் ஆழ்த்தியது என்கிறார் நானா," என்றார் யென்டுமி. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஐந்தாவதாக, பெரிய காரியம் வரும் முன்னே முரசுத் தோல் அதிர்வது போல ஆணின் உடம்பும் அதிரும். இவை ஐந்தும் யாரிடம் உண்டோ, அவன் ஊருக்குத் தூண்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. டெடே ஏதோ சொல்ல ஒலிவாங்கிக்குக் கை நீட்டினாள். அதற்குள் விருந்துக்கான முரசு முழங்கி அவள் குரலை அமுக்கிவிட்டது. அகோமாசோ வரலாற்றில் இதைவிடச் சிறந்த விழிப்புணர்வு உரை நிகழ்ந்ததில்லை என்று குழு அறிக்கை எழுதியது. யாருக்கும் விழிப்பு வரவில்லை என்பது சிறிய குறை.

அரசர் எழுந்து உள்ளே போனதும் யென்டுமியின் உடம்பு அதிர ஆரம்பித்தது. பெரிய காரியம் ஒன்றும் வரவில்லை, காய்ச்சல்தான் வந்தது. கொல்லைக்குப் போனவருக்கு இந்த முறை ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. கொனாடு கருவாட்டுக் கூடையை அப்படியே போட்டுவிட்டு, டாக்சி பிடித்து, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

விழாவிலிருந்து திரும்பியிருந்த டெடேதான் அங்கே பணியில் இருந்தாள். "ஐயாவுக்கு என்ன செய்யுது?"

யென்டுமி பல் கிட்டிய நிலையிலும் மரபைக் கைவிடவில்லை. "ஆற்றின் வாயில் ஒரு பாறை..."

"வாய மூடுங்க," என்றாள் கொனாடு. "சிஸ்டர், செபே. இவருக்குப் பன்னெண்டு நாளா மூத்திரம் எரியுது. கால் மணிக்கு ஒருதரம் ஓடுறாரு, சொட்டு சொட்டா வருது. உக்காந்தா கத்துறாரு. இப்ப அதுவும் நின்னுபோச்சு. காய்ச்சல் கொதிக்குது. கசப்பு மருந்து ரெண்டு பாட்டில் குடிச்சிருக்காரு, அத எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்காரு."

சந்தையில் கூவிப் பழகிய குரல். வார்டு முழுக்கக் கேட்டது. அரை நிமிடத்தில் முடிந்துபோன அந்த உரைக்கு யாரும் கைதட்டவில்லை. அதைக் கேட்டுத்தான் டெடே குழாய் வைத்தாள், ஊசி போட்டாள், யென்டுமி பிழைத்தார்.

"அந்தத் தெரிஞ்சவர் இவர்தானா?" என்று மட்டும் கேட்டாள். யென்டுமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். புரோஸ்டேட்டில் கிருமி, நான்கு வாரம் மாத்திரை என்றார் மருத்துவர்.

ஐந்தாம் நாள் பக்கத்துக் கட்டிலில் ஒருவனைத் தூக்கிவந்து போட்டார்கள். முரசுக்காரன் ஃபொஃபியே. உள்ளே சீழ் கட்டி, ரத்தத்தில் விஷம் ஏறியிருந்தது. குமாசி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார்கள். அதுவரை தாங்குவானா என்று யாருக்கும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தவன் யென்டுமியைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க பேசினது தேன். ஒரு வார்த்த மறக்கல."

"ஃபொஃபியே, உனக்கு எரிச்சல் இருந்துச்சா?"

"அப்பவே இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டா வரல?"

"எதுக்குண்ணே வரணும்? அடுப்பு அணையாத வீடுன்னு நீங்கதானே சொன்னீங்க. அஞ்சும் எங்கிட்ட இருந்துச்சு. பெருமையா இருந்தேன்."

யென்டுமி வாயைத் திறந்தார். அரசரின் வாய். அதிலிருந்து எதுவும் வரவில்லை.

டெடே படிவத்தோடு வந்தாள். "வீட்டுல வச்சு வேற யார்கிட்டயாவது யோசனை கேட்டீங்களா? மருந்துக்காரன், மந்திரவாதி, யாராவது தப்பா ஏதும் சொன்னாங்களா?"

"சேச்சே," என்றான் ஃபொஃபியே. "கண்டவன் பேச்ச நான் கேக்கமாட்டேன் சிஸ்டர். நம்ம ஒச்சியாமே பேச்ச மட்டுந்தான் கேட்டேன். நான் மட்டுமா? எண்ணூறு பேர் கேட்டோம்."

டெடே பேனாவை மூடிவிட்டு வார்டைத் திரும்பிப் பார்த்தாள். கட்டில்கள் பன்னிரண்டு.