எழுபத்தொரு மணி நேரப் பழமை

எழுபத்தொரு மணி நேரத்தில் நூற்றைம்பது ஆண்டுகளை உற்பத்தி செய்தவள் நான். உலக விஞ்ஞானத்தில் இதற்கு முன் யாரும் இதைச் செய்ததாகத் தெரியவில்லை. செய்திருந்தால் அவர்களும் என்னைப் போலக் கூச்சப்பட்டுக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்திருப்பார்கள்.

நான் எம்.எஸ்ஸி. வேதியியல். ஆய்வேடு, துருவைத் தடுப்பது பற்றி. வேலை கிடைத்தது, துருவை வளர்ப்பதற்கு. கல்கத்தாவில் திறக்கவிருந்த ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலில் என் பதவி 'பாரம்பரிய மேற்பரப்பு ஆலோசகர்'. துறைமுகத்தில் வேலை பார்க்கும் அப்பா அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"பெயின்ட் அடிக்கிற வேலையா?"

"இல்லப்பா. சுரண்டுற வேலை."

ஓட்டலின் கொள்கை, 'இந்த மண்ணின் கைவினையே எங்கள் உயிர்'. இதற்குப் பொறுப்பு, பண்பாட்டு இயக்குநர் ராஜ்மோகன் சார். பிறந்தது சேலம், படித்தது மிலான். ஆகவே வங்காளப் பண்பாடு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வரவேற்புக் கூடத்துக்கு, வடக்குக் கல்கத்தா வீடுகளில் இருக்கும் பச்சைச் சன்னல்கள் பத்து வேண்டும் என்றார். சட்டம் சட்டமாகச் சாய்த்துத் திறக்கிற வகை.

செய்து கொடுத்தவர், துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் இருக்கும் ஏழுமலை அண்ணன். கப்பலில் ஏற்றும் மரப்பெட்டிகளை முப்பது வருடம் செய்தவர். இப்போது சன்னல்காரர், இன்னும் எட்டு வீட்டு ஆர்டர் கையில் இருந்தது. அவர் ஒரு விரலால் தள்ளினார். சட்டங்கள் எல்லாம் சத்தமில்லாமல் ஒன்றாகச் சாய்ந்தன. ராஜ்மோகன் சாரின் முகம் வாடிவிட்டது.

"ரொம்பப் புதுசா இருக்கே."

"போன வாரம் செஞ்சது சார்."

"அதான் ப்ராப்ளம்."

ப்ராப்ளம் என்னிடம் வந்தது. கரியாஹாட் சந்தையில் தேயிலைத் தூள் வாங்கிக் கொதிக்கவைத்து மரத்தில் பூசினேன். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை வினிகரில் ஊறவைத்துத் தடவினேன். கீல்களுக்கு உப்புநீர். எழுபத்தொன்றாவது மணியில் ஒரு சட்டம் சாய மறுத்துக் கிறீச்சிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். ஏழுமலை அண்ணன் மட்டும் அதைத் தொட்டுப் பார்த்து, "நல்லாத்தானம்மா இருந்துச்சு" என்றார், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பக்கத்துல போர்டு வெப்பீங்களாமே, அதுல எம் பேரு போட்ருங்கம்மா. பொட்டி மேல அனுப்புறவன் பேரு இருக்கும், வாங்குறவன் பேரு இருக்கும், எத்தினி கிலோன்னுகூட இருக்கும். ஆணி அடிச்சவன் பேரு எங்க இருக்கும்?"

"போட்டுடறேண்ணே" என்றேன். போர்டு எழுதுவதும் என் பொறுப்புதான். எனக்குப் பேசத்தான் கூச்சம். எழுதக் கூச்சமில்லை.

வரைவைப் பார்த்ததும் ராஜ்மோகன் சார் பேனாவைத் திறந்தார்.

"உயிரோட இருக்கிறவர் பேரைப் போட்டா அது ஹெரிட்டேஜ் இல்ல மேக்னா, விசிட்டிங் கார்டு."

'வாக்குக் கொடுத்துவிட்டேன் சார்' என்று உறுதியாகச் சொன்னேன், மனசுக்குள். வாய் "ஓகே சார்" என்றது. மறுபடி எழுதினேன். பண்பாட்டுக் குழு அதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது.

திறப்பு விழா அன்று, பழமை அளவுக்கு மீறி அந்தச் சட்டம் அசையாமல் நின்றுவிட்டது. ஏழுமலை அண்ணனை வேலையாட்கள் வாசல் வழியாக வரவழைத்தோம். இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிட்டு, போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். போர்டு ஆங்கிலத்தில் இருந்தது. உள்ளூர்ப் பண்பாட்டை உள்ளூர் மொழியில் எழுதினால் மதிப்பு இருக்காது. பட்டுச்சேலை கட்டிய ஒரு வங்காள அம்மாள் படித்துவிட்டு, "ஆஹா ரே" என்று உச்சுக்கொட்டி நெஞ்சில் கை வைத்தார். அவர் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எம் பேரு இவங்கள என்னம்மா பண்ணுது?" என்று ஏழுமலை அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

தலையாட்டினேன். ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். என் தலை அப்படிப் பழகியது.

போனை நீட்டினார். போர்டையும் சேர்த்து எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

"தேவிப்ரியாவுக்கு அனுப்பணும். எம் பொண்ணு சாந்த்ராகாச்சி ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சரு. எங்கப்பா பொட்டி அடிக்கிறவருன்னே எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டிருக்கா. படிக்கட்டும்."

கட்டைவிரல் அனுப்பும் பொத்தானை நோக்கி இறங்கியது.

"அண்ணே, அனுப்பாதீங்க."

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் முறை. ராஜ்மோகன் சார், சிரித்த முகம் மாறாமல், "மேக்னா" என்றார்.

"ஏம்மா, தல கட்டாயிடுச்சா?" என்றார் ஏழுமலை அண்ணன்.

"தல சரியா இருக்குண்ணே. போர்டுலதான் உங்க பேரு இல்ல. இதைச் செஞ்சவரு செத்து நூத்தம்பது வருஷம் ஆச்சு, இனிமே செய்யத் தெரிஞ்சவங்க யாரும் உயிரோட இல்லன்னு போட்டிருக்கு. எழுதினது நான்தான்."