வாசலில் ஒரு பரீட்சை

மூன்றே வாரத்தில் ஒரு வரியைச் சபையார் அத்தனை பேர் வாயிலும் நுழைத்தாக வேண்டும். போதகருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"தலைமை அலுவலகத்துல இருந்து ஆய்வாளர் வர்றாராம். 'நீங்க எப்படிப்பட்ட சபை?'ன்னு நம்ம ஜனங்களைக் கேப்பாராம். பதில் தெரியலைன்னா நம்மளை அடுத்த தெரு சபையோட சேர்த்துடுவாங்க" என்று மனைவியிடம் புலம்பினார்.

"என்ன பதில் சொல்லணுமாம்?"

"விசுவாசத்தில் வேரூன்றி, அன்பில் தழைத்து, சேவையில் கனிகொடுக்கும் ஐக்கியம். நான்தான் எழுதினேன்."

"கேக்குற எனக்கே மூச்சு வாங்குதுங்க."

முதல் ஞாயிறு பிரசங்கத்தில் அதை ஏழு முறை சொன்னார். பிரசங்கம்தானே என்று எல்லாரும் நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்கள்.

உடனே துணியில் பெரிதாக எழுதி ஜன்னல்களை மறைத்துக் கட்டினார். காற்று நின்றது. விசிறிக்கொண்டவர்களுக்கு வியர்வையைத் துடைக்கவே நேரம் போதவில்லை, எவர் படிப்பது?

பாடகர் குழுவிடம் மெட்டுப் போடச் சொன்னார். மெட்டு அபாரமாக அமைந்துவிட்டது. தெருவெல்லாம் மெட்டை முணுமுணுத்தார்கள், வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு.

ஆய்வாளர் வரவேண்டிய கடைசி ஞாயிறு வந்தது. போதகர் செயலாளரை அழைத்து வாசலில் நிறுத்தினார்.

"வரியைச் சொன்னாத்தான் உள்ள விடணும். நம்ம மாமனாரா இருந்தாலும் சரி."

செயலாளர் கண்டிப்பான மனிதர். தேறாதவர் கையில் வரி எழுதிய ஒரு அட்டையைக் கொடுத்து, "மனப்பாடம் பண்ணிட்டு வாங்க" என்று வெளியே அனுப்பினார். ஆராதனை தொடங்கியபோது உள்ளே ஒன்பது பேர். அதில் பாடகர் குழு ஆறு.

ஆய்வாளரைக் காணோம். போதகர் கதவைப் பார்த்துக்கொண்டே பிரசங்கித்து, பாதியில் முடித்து வெளியே ஓடினார்.

மரத்தடியில் நான்கு பேர் உட்காரும் பெஞ்சில் எட்டுப் பேர் நெருக்கியடித்திருந்தார்கள். மற்றவர்கள் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பிஸ்கட் பொட்டலம் கைமாறியது. நடுவில் முன்பின் தெரியாத ஒருவர், யாருடைய குழந்தையையோ மடியில் வைத்துக்கொண்டு, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

போதகர் அவரிடம் விரைந்தார்.

"ஐயா... நீங்கதான் ஆய்வாளரா?"

"ஆமா பாஸ்டர். எனக்கும் வரி தெரியலை, வெளிய அனுப்பிட்டாங்க."

"மன்னிச்சுடுங்க ஐயா! இவங்களைக் கேட்டீங்களா? யாராவது சொன்னாங்களா?"

"ஒருத்தருக்கும் வரலை." ஆய்வாளர் குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார். 'எப்படிப்பட்ட சபை என்று நன்றாகவே தெரிந்தது. யாரோடும் சேர்க்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

போதகருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அட்டையைப் பாக்காம அந்த வரியை நீங்களாவது சொல்லுங்க, கேப்போம்" என்றார் ஆய்வாளர்.

போதகர் நெஞ்சை நிமிர்த்தினார். "விசுவாசத்தில் வேரூன்றி... அன்பில்... அன்பில்..." சந்தோஷத்தில் மீதி எங்கோ போய்விட்டது. எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

பெஞ்சு ஓரத்தில் இருந்த தையல்காரம்மா எழுந்தார்.

"ஐயையோ, பாஸ்டரும் ஃபெயிலா! கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா, அவருக்கும் இடம் விடுங்க."