முக்குக் கடைக்கு எதிராக ஒன்பது நாள்

அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் வழக்கு தோற்கும். நாற்பது ஆண்டுத் தெருப் போராட்டத்தில் நான் கற்றது இது.

ஒன்று. எங்கள் தெரு முக்கிலுள்ள சாப்பாட்டுக் கடையில் ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்து, தட்டு தயாரானதும் "பதினேழு" என்று கத்தினார்கள். இன்று மனிதனை எண்ணாக்கியவன் நாளை பூஜ்யமாக்குவான் என்று துண்டறிக்கை போட்டேன். பதினொரு நாள் வாசலில் நின்றேன். வென்றேன். "வாடிக்கையாளரின் பெயரைச் சீட்டில் எழுதி, பெயர் சொல்லியே அழைக்க வேண்டும், காது மந்தமானவருக்கும் கேட்கும்படி உரக்க அழைக்க வேண்டும்" என்ற ஒப்பந்தம், என் கையெழுத்திலேயே, இன்றும் அந்தச் சுவரில் கண்ணாடிக்குள் தொங்குகிறது.

இரண்டு. பழைய புத்தகக் கடைக்காரர், ஆட்கள் நின்றபடியே படித்துவிட்டுப் போகிறார்கள் என்று புத்தகங்களைச் சணலால் கட்டிவைத்தார். இரண்டு வாரம் அவர் கடையில் நின்று அட்டைகளை மட்டும் சத்தமாகப் படித்தேன். கட்டு அவிழ்ந்தது.

மூன்று. நூலக மாடியில் சனிக்கிழமை மாலை இலவசமாகப் பாட்டு நடக்கும். அதில் முன்வரிசையைப் பிரமுகர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். பிரமுகர் என்றால் யார் என்று கேட்டு அதே வரிசையில் உட்கார்ந்தேன். பதில் சொல்லத் தெரியாமல் என்னையே பிரமுகராக்கிவிட்டார்கள். கொள்கையளவில் இதை நான் ஏற்கவில்லை. இன்றுவரை அங்கேதான் உட்காருகிறேன்.

நான்கு. சூப்புக் கரண்டி.

நான்காவதுதான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய கடைகளின் வாசலில் நின்று கண்ணாடியைப் பார்க்க மட்டுமே முடிந்தவர்கள் இங்கே வந்தால் உள்ளேயே போகலாம். ஒரு வறுத்த மீன், இரண்டு ரொட்டி, கூடவே சூப்பு, எல்லாம் பஸ் டிக்கெட் விலைக்குக் கிடைக்கும். நானும் என் மனைவியும் சனிக்கிழமைதோறும் நாலு மணிக்கு மீன், ஐந்துக்குப் புத்தகக் கடை, ஆறுக்குப் பாட்டு என்று பல வருடமாக நடத்திவந்தோம். அவள் மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை பார்க்கிறவள். வாரம் முழுக்க நின்றே இருப்பாள். சனிக்கிழமை அரை நாள். வேறொருவர் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடுவது அன்று மட்டும்தான்.

ஒரு வியாழக்கிழமை நான் தனியாகச் சாப்பிடப் போனேன். முதலாளி சூப்பு ஊற்றினார். கரண்டி சிறுத்திருந்தது. பக்கத்திலிருந்த தையல்காரரின் கழுத்திலிருந்து அளவு நாடாவை உருவி, அங்கேயே அளந்தேன். இரண்டு விரல் குறைவு. எழுந்து நின்று, "இது அரைக்கரண்டி" என்று கடை அதிர அறிவித்தேன். பழைய கரண்டியின் காம்பு உடைந்துபோய்விட்டது, உட்காருங்கள், சொல்கிறேன் என்றார் முதலாளி. முதலாளிகள் எப்போதுமே உட்காரத்தான் சொல்வார்கள். நான் வெளியேறினேன்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் 'அரைக்கரண்டி ஆட்சி ஒழிக' என்ற துண்டறிக்கை தெருவின் எல்லாக் கம்பங்களிலும் இருந்தது. கீழே எட்டு விதிகள், அதற்கும் கீழே 'தலைவர்' என்று என் கையெழுத்து. மூன்றாவது விதி: எதிரிக்குத் துணைபோகிறவரும் எதிரியே. ஆறாவது: மேற்பார்வைக் குழு எப்போது வேண்டுமானாலும் கடைக்குள் நுழைந்து எந்தச் சீட்டையும் சோதிக்கலாம். எட்டாவது: புறக்கணிப்பை உடைத்தவர் பெயர் மூன்று சாட்சிகள் முன்னிலையில் உரக்க வாசிக்கப்படும். தையல்காரர், தபால்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மூவரும் சாட்சிகளாக உடனே கையெழுத்திட்டார்கள். போடாவிட்டால் நான் அவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதாயில்லை.

மனைவி துண்டறிக்கையை நின்றபடியே வாசித்தாள்.

"அப்ப சனிக்கிழமை?"

"சனிக்கிழமையும் புறக்கணிப்புதான்."

"எனக்குமா?"

"மக்கள் எல்லாருக்கும்."

"எழுதினவருக்கு?"

"எழுதினவன்தான் முதல்ல கட்டுப்படணும்."

அவள் எட்டு விதிகளையும் மறுபடி ஒருமுறை வாசித்தாள். பிறகு, மேற்பார்வைக் குழுவுக்குத் தான் தலைமை ஏற்பதாகச் சொன்னாள். முப்பது ஆண்டு நான் பேசியது ஒருவழியாக அவள் காதில் ஏறிவிட்டது. எட்டாவது விதியில் ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னாள்: 'உடைத்தவர் தலைவரே ஆனால், புறக்கணிப்பு அந்த நிமிடமே முடியும்.' நடக்கவே நடக்காததை எழுதுவதில் என்ன நஷ்டம் என்று சேர்த்துக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் காலை டீ வரவில்லை. கேட்டேன்.

"பால்காரர் அந்தக் கடைக்கும்தாங்க பால் ஊத்துறார்," என்றாள். "மூணாவது விதி."

ரொட்டி வரவில்லை. பேக்கரிக்காரரும் துணைபோகிறவர். மீன்காரி துணைபோகிறவள். காய்கறிக்காரர், முட்டைக்காரர், மளிகை, எல்லோரும் துணைபோகிறவர்கள். சரி, படித்தாவது பொழுதை ஓட்டலாம் என்று புத்தகக் கடைக்குக் கிளம்பினேன். அவர் பதினொரு மணிக்கு முக்குக் கடை டீதான் குடிக்கிறார் என்று செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள். நூலகப் பாடகர்கள்? பாடி முடித்ததும் அங்கேதான் சாப்பிடப் போகிறார்கள். அந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்குப் பாட்டு எங்கள் ஜன்னல் வரை வந்தது. அவள் ஜன்னலருகே முக்காலியைப் போட்டு, மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏதாவது கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

தெருவில் யாருக்கும் துணைபோகாத உணவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் மச்சானின் மொட்டை மாடியில் காய்த்த பூசணிக்காய். அவர் விற்பதில்லை. யாரும் வாங்காததால் விற்பதில்லை. காலையில் பூசணி அவியல். மதியம் பூசணி வறுவல். மாலையில், காலையும் மதியமும் மிஞ்சியது. ஐந்தாம் நாள் கண்ணாடியில் என் முகமே கொஞ்சம் மஞ்சளாகவும் அகலமாகவும் தெரிந்தது.

"நீ மட்டும் எப்படித் தெம்பா இருக்கே?" என்று கேட்டேன்.

"மதியம் ஆஸ்பத்திரி கேன்டீன்ல சாப்பிடுறேங்க. அங்க யாரும் நம்ம தெருவுல எதுவும் வாங்குறதில்ல. விதிப்படி விசாரிச்சுட்டுத்தான் வாய் வச்சேன்."

ஏழாம் நாள் தபால்காரரை வழிமறித்து, மக்கள் மனநிலை எப்படி என்று கேட்டேன். "ஒரே வாரத்துல பேர் வாங்கிட்டீங்க ஐயா. தெரு முழுக்க உங்க பேர்தான்," என்றார். அப்படியானால் 'தலைவர்' என்பது நிலைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். பெருமிதத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. வேலைக்குக் கிளம்பும்போது, மதியம் நேரே தம்பி வீட்டுக்குப் போய் இன்னும் நாலு பூசணி வாங்கிவருவதாகவும், திரும்ப ஏழு மணி ஆகும் என்றும் சொன்னாள். நாலு என்ற அந்த எண்தான் என்னை உடைத்தது. அடக்குமுறைக்கு நான் அஞ்சியதில்லை. காவலர் தடியின் தழும்பு இன்னும் முதுகில் இருக்கிறது. ஆனால் எந்தத் துண்டறிக்கையிலும் பூசணிக்காயைப் பற்றி எச்சரிக்கை இல்லை.

மூன்றரைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைக்குள் நுழைந்தேன். கல்லாவில் முதலாளி. நான் குரலை மாற்றி, ஒரு மீன், இரண்டு ரொட்டி, பெயர் வேண்டாம், நம்பர் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

"நம்பரா? அதை நீங்கதானே ஐயா பதினொரு நாள் நின்னு ஒழிச்சீங்க," என்று சுவரைக் காட்டினார். குரலை மாற்றியது வீண்.

மெதுவாகவாவது கூப்பிடும்படி கேட்டேன். 'உரக்க' என்று எழுதியிருக்கிறது, அதுவும் அடிக்கோடிட்டு, என்றார். அடிக்கோடும் என்னுடையதுதான்.

"சரி, தலைவர்னு எழுதிக்குங்க."

"நீங்க உட்காருங்க ஐயா. உங்க பேர் தெருவுக்கே தெரியும், எனக்குத் தெரியாதா?"

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சூப்புக் கிண்ணத்தோடு வந்தார். அதே சின்னக் கரண்டியால் ஊற்றினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்னொரு முறையும் ஊற்றினார்.

"இதென்ன, லஞ்சமா?"

"லஞ்சம் இல்லைங்க. புதுக் கரண்டி சின்னதுங்கிறதால முதல் நாள்லேர்ந்தே எல்லாருக்கும் ரெண்டு ஊத்துறோம். நீங்கதான் முதல் கரண்டியிலேயே எழுந்து போயிட்டீங்க."

கிண்ணத்தைப் பார்த்தேன். முன்பிருந்ததை விட அதிகமாகவே இருந்தது. வரலாறு சில சமயம் இப்படித்தான் நடந்துகொள்கிறது. நான் குடிக்கத் தொடங்கினேன்.

மணி நாலு அடித்தது. கதவு திறந்தது. என் மனைவி உள்ளே வந்தாள். பின்னால் தையல்காரர், தபால்காரர், கணக்கு வாத்தியார். பூசணிக்காய் எதுவும் இல்லை. நடுமேசையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். கையில் துண்டறிக்கை. ஆறாவது விதிப்படி மேற்பார்வைக் குழு சோதனைக்கு வந்திருப்பதாக அறிவித்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். நான் துண்டை மூக்கு வரை இழுத்துவிட்டேன்.

உள்ளேயிருந்து என் மீன் கல்லாவுக்கு வந்தது. முதலாளி சீட்டை எடுத்துத் தொண்டையைச் செருமினார்.

"என்கிட்ட குடுங்க அண்ணா, நான் வாசிக்கிறேன்," என்று எழுந்தாள் என் மனைவி. "அப்படியே எங்களுக்கும் நாலு மீன் போடுங்க. இதை வாசிச்சதும் புறக்கணிப்பு முடிஞ்சிரும். ஆறு மணிக்குப் பாட்டு இருக்கு."

முதலில் எட்டாவது விதியை முழுக்க வாசித்தாள். நிறுத்தக்குறிகளைக்கூட விடவில்லை. வாத்தியார் தலையாட்டினார். பிறகு சீட்டிலிருந்த பெயரை வாசித்தாள்.

அது 'தலைவர்' இல்லை. வேறு யாருடைய பெயரோ. போன உயிர் திரும்பி வந்தது. முதலாளி அவசரத்தில் சீட்டை மாற்றிவிட்டார். யாரோ ஒரு அப்பாவி மாட்டிக்கொண்டான். பாவம், யார் அது என்று நானும் எல்லோரையும் போலத் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. முன்னால் திரும்பினேன். கடை மொத்தமும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தையல்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

காது மந்தமானவருக்கும் கேட்கும்படி, என் மனைவி இரண்டாவது முறை வாசித்தாள்:

"அரைக்கரண்டி."