தேவாரத்து மூச்சுப் பரீட்சை

கண்ணாடி ஊதுகுழல் கொதிநீரில் 'டப்'பென்று வெடித்தபோது கம்பவுண்டர் சுயம்புலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

1920ஆம் வருஷம். பள்ளத்தாக்கு முழுக்க விஷக் காய்ச்சல். ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் ஆட்கள் அடிவாரத்திலுள்ள தேவாரம் ஊர்க் கொட்டகையில் மூச்சைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் ஒரு தகரக் குடுவை கவிழ்ந்திருக்கும். அதற்குள் போகும் குழாயின் முனையில் ஊதுகுழலைச் செருகி ஊதினால் குடுவை எழும்பும். தொட்டியில் கீறியிருக்கும் கோடுவரை எழும்பினால் வேலை.

டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: "ஒருத்தன் எச்சில் இன்னொருத்தன் வாயில பட்டுச்சோ, உன் வேலை போச்சு. சாயங்காலத்துக்குள்ள இருபது பேர் தேறலைன்னாலும் போச்சு."

அதற்காகத்தான் சுயம்புலிங்கம் ஊதுகுழலைக் கொதிக்க வைத்தார். இருந்த ஒன்றும் போயிற்று.

"பப்பாளிக் காம்பை வெட்டிச் செருகுங்கய்யா, ஆளுக்கு ஒண்ணு" என்றாள் கொட்டகையைப் பெருக்கும் மாயக்காள். தன் வீட்டு மரத்திலிருந்தே ஒரு கட்டு கொண்டுவந்தாள்.

முதலில் வாய் வைத்த சீனிச்சாமி துள்ளிக் குதித்தான். "ஐயய்யோ, உதடு அரிக்குதே!"

காம்பில் வடிந்த பால்! காம்புகளை அலசி முடிப்பதற்குள் வரிசையில் நின்றவர்கள் ஒருவர் பிடரியில் ஒருவர் இருமித் தீர்த்தார்கள்.

"ஏலே, தள்ளி நில்லுங்கடா! மூஞ்சியில துண்டைக் கட்டுங்கடா!"

கண் மட்டும் தெரியக் கட்டிக்கொண்டார்கள். அடுத்தவன் துண்டோடு ஊதினான். குடுவை அசையவில்லை.

"அவுத்துட்டு ஊதித் தொலைடா!"

அவிழ்த்தான். காய்ச்சலில் கிடந்து எழுந்தவன். குடுவை பாதியிலேயே நின்றது. கூடவே சுயம்புலிங்கத்தின் முகத்தில் நன்றாக இருமியும் வைத்தான், பாவி.

முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் புது உத்தரவு போட்டார். பெயர் கூப்பிட்டால் ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும். அவர் முதுகைக் காட்டி நிற்பார். ஊதிவிட்டு, குழாயை அடைத்து, துண்டைக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட வேண்டும். அப்புறம்தான் திரும்பிக் கோட்டைப் பார்ப்பார்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஒச்சாண்டி தேறினான். சுருளிவேல் தேறினான். நேற்றுவரை படுக்கையில் கிடந்த மொக்கையன்கூடத் தேறினான். எல்லோருக்கும் கோட்டுக்கு நாலு விரல் மேலே! காம்பு தீரத் தீர மாயக்காளை வீட்டுக்கு விரட்டினார்.

சாயங்காலம் டாக்டர் வந்து, தேறியவர்கள் பெயருக்கு நேரே சுயம்புலிங்கம் போட்டிருந்த இருபது கையெழுத்தையும் பார்த்தார். "பலே! ஒரு வாய் வச்சதுல இன்னொரு வாய் வைக்கலையே?"

"சத்தியமா இல்லைங்க. வாய்க்கு ஒரு காம்பு! மாயக்கா, நாளைக்கு இன்னும் இருபது வெட்டிட்டு வா."

மாயக்காளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் மரமே மொட்டையாப் போச்சுங்கய்யா! வாய்க்கு ஒண்ணுன்னா ஒரே காம்பு போதுமே. நீங்க முதுகைக் காட்டுனதுல இருந்து ஊதுறது பூராம் கோயில்ல கொம்பு ஊதுற எங்க வீட்டுக்காரக ஒருத்தருதானே!"