ஒட்டுப்பாலும் சாயத்தண்ணியும்

எங்க வீட்டுக்காரர் முத்துவீரன் பீடியை விட்ட அன்று லயமே கேட்கிற மாதிரி அறிவித்தார். நினைத்தால் இப்பவும் சிரிப்பு வருகிறது.

அப்போ இலங்கையில் எஹலியகொடப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஒரே காம்பரா, அந்த ஒரு அறைதான் வீடு. அவர் ஒரு பீடி இழுத்தால் சோறு, சேலை, தொட்டில் எல்லாம் சேர்ந்து இழுத்த மாதிரி நாறும். கைக்குழந்தை சசிக்கோ மூச்சு இழுப்பு.

டிஸ்பென்சரி ஐயாதான் வழி சொன்னார். "புகைதான்மா பெரிய விஷம். ஆசை நிக்கோட்டின் மேல. அது மட்டும் இருக்கிற சுவிங்கம் இருக்கு. அதுவும் மிட்டாய் இல்ல, பிள்ளைக்கு எட்டாம வை. ஆனா பீடிக்கு எவ்வளவோ மேல்."

குவைத்திலிருந்து லீவில் வந்த நாத்தனார் ஜீவராணி அந்தச் சுவிங்கத்தில் ஒரு பெட்டி கொண்டுவந்தாள்.

"மொளகு மாதிரி காந்துது புள்ள!" முதல் துண்டிலேயே அவர் முகம் சுளித்தார்.

"மெதுவா மெல்லுங்க. காந்துனா கன்னத்துல ஒதுக்குங்க."

அதுக்கப்புறம் எப்பப் பார்த்தாலும் கன்னம் உப்பியே இருந்தது. பெட்டி மட்டும் குறையவில்லை. சட்டையில் பீடி வாசம் போகவில்லை. சசியின் இருமலும் நிற்கவில்லை. எனக்குச் சண்டை போட வராது. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும்.

ஒருநாள் ரப்பர் மரத்தில் பால்வெட்டிவிட்டு மழையில் நனைந்து வந்தார். உடம்பு வெடவெடத்தது.

"சூடா சாயத்தண்ணி குடு புள்ள."

"வாயில என்னாங்க?"

"சுவிங்கம்தான். வேறென்ன?"

"அப்ப கிடையாதுங்க. மெல்லுறப்ப தேத்தண்ணி குடிச்சா மருந்து ஏறாதாம். ஐயா சொன்னாரு."

"ஒரு மொடக்கு!"

"ம்ஹூம்."

நான் என் கோப்பையிலிருந்த பாலில்லாத் தேநீரை ஊதி ஊதிக் குடித்தேன். அவர் என் தொண்டையையே பார்த்தார். கருப்பட்டித் துண்டைக் கடித்தேன். அவ்வளவுதான். தூ என்று வாசலில் துப்பி, லயமே கேட்கக் கத்தினார்.

"இது மருந்தில்லடி! ரப்பர் மரத்துல வடிஞ்சு காஞ்ச ஒட்டுப்பால்!"

"அப்ப பீடி?"

மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்து அவரே அடுப்பில் போட்டார். சாயத்தண்ணி கொடுத்தேன். கோப்பை காலியாகி, கொஞ்ச நேரம் விட்டு, நிஜச் சுவிங்கத்தையும் கொடுத்தேன். கண்ணில் தண்ணி வர மென்றார். மாசி வருவதற்குள் சசி இருமாமல் தூங்கினாள்.

அப்புறம் ஒருநாள் பெருமையாகச் சொன்னார். "நானா ஒத்துக்கலேன்னா உனக்குத் தெரிஞ்சே இருக்காது, இல்ல?"

"மொத நாளே தெரியுங்க. ஒட்டுப்பால் நாத்தம் இந்த லயத்துல யாருக்குத் தெரியாது?"